கரண்ட் போய் வந்த பிறகு பிஎஸ்4 ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தால்: முதலில் சேவ், பிறகுதான் ரிப்பேர்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வெளியே அடைமழை. அக்கா மகன் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 என்ற வீடியோ கேம் கன்சோல்) முன்னால் உட்கார்ந்து, மூன்று மாதமாக ஆடிவந்த ஒரு ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தான். திரையின் மூலையில் 'சேவ் ஆகிறது' என்ற சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பத்து விநாடியில் வந்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

"மாமா, சேவ் ஆகிக்கிட்டிருக்கும்போதே போயிடுச்சு" என்றான். கை ஏற்கெனவே பவர் பட்டனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தடுத்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நிலைமையில் என்னுடைய மெஷினில் அவசரப்பட்டு, கண்ணில் பட்ட ரிப்பேர் வழியையெல்லாம் வரிசை பார்க்காமல் செய்து, நான்கு வருட சேவ்களை, அதாவது ஆட்டத்தில் எட்டிய இடத்தைப் பதிந்து வைக்கும் ஃபைல்களை, மொத்தமாக இழந்திருக்கிறேன். அவன் மெஷினில் ஒன்றும் போகவில்லை. வித்தியாசம் செய்த வேலையில் இல்லை, செய்த வரிசையில்தான் இருந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் போனால் திரும்பவும் டவுன்லோட் செய்யலாம், டிஸ்க்கிலிருந்து இன்ஸ்டால் செய்யலாம். சேவ் போனால் போனதுதான். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் "இது சேவ்களுக்கு ஆபத்தா?" என்ற கேள்விதான் முதலில்.

உள்ளே என்ன நடக்கிறது

பிஎஸ்4-க்குள் இருப்பது லேப்டாப்பில் இருக்கிற அதே 2.5 அங்குல சாட்டா (கம்ப்யூட்டர் டிஸ்க்குகளின் வழக்கமான இணைப்பு) ஹார்ட் டிஸ்க். தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று சுற்றும். படிக்கும் ஹெட் அந்தத் தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். திடீரென்று கரண்ட் போனால் ஹெட் தட்டின் மேல் விழுந்து கீறிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மோட்டார் கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கும். அந்தச் சக்தியில் டிஸ்க் தன் ஹெட்டை ஓரத்தில் இருக்கும் சரிவுக்கு இழுத்துக்கொள்ளும்.

சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. எழுதிக்கொண்டிருந்த செக்டர் (தட்டில் தகவல் எழுதப்படும் சிறு துண்டு) பாதியில் நின்றுவிடும். செக்டரில் உள்ள தகவலும், அதைச் சரிபார்க்க அதனோடு எழுதப்படும் குறியீடும் ஒத்துப்போகாது. பிறகு படிக்கப் போனால் டிஸ்க் "படிக்க முடியவில்லை" என்று சொல்லும். தட்டில் ஒரு கீறலும் இருக்காது. அந்த இடத்தில் மறுபடி ஒழுங்காக எழுதினால் சரியாகிவிடும். இதோடு, டிஸ்க்கின் கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் எழுதக் காத்திருந்த தகவலும் காணாமல் போகும். அதனால் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு பாதி பழையதாகவும் பாதி புதியதாகவும் நிற்கும்.

மூன்றாவது வகைதான் நிஜமான உடைசல்: ஹெட், மோட்டார், அல்லது தட்டின் மேற்பரப்பு. ஏற்கெனவே பல வருடம் ஓடிக் களைத்த டிஸ்க்கை அடிக்கடி கரண்ட் வெட்டு இந்த நிலைக்குத் தள்ளிவிடும். இப்போது உங்கள் மெஷினில் இருப்பது கணக்குக் குழப்பமா, பாதியில் நின்ற செக்டரா, உடைசலா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

கரண்ட் வந்ததும் பத்து நிமிடம் தொடாதீர்கள்

பிளக்கை பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கே வெளியே வரட்டும். தெருவில் கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். இரண்டு மூன்று முறை போய் வரவும் செய்யும். ஃபேனும் லைட்டும் நிலையாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், சுவரில் உள்ள சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள்.

எக்ஸ்டர்னல் டிரைவ் ஏதாவது யுஎஸ்பியில் மாட்டியிருந்தால் அதை இப்போது கழற்றி வையுங்கள். கோளாறு உள்ளே இருக்கும் டிஸ்க்கிலா, வெளியே இருப்பதிலா என்ற சந்தேகம் இதனால் தீரும். பல வீடுகளில் செத்தது எக்ஸ்டர்னல் டிரைவ்தான், கன்சோலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

முதல் தடவை ஆன் செய்யும்போது காதைப் பக்கத்தில் வையுங்கள்

டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். முதலில் வந்த பிஎஸ்4 மாடலில், முன்னாலிருந்து பார்த்தால் டிஸ்க் இடது பக்கம் இருக்கும். ஸ்லிம், புரோ இரண்டிலும் பின்பக்கம். லேசான ஒரு 'ஸ்ஸ்' சத்தம், நடுநடுவே மெல்லிய கரகரப்பு என்றால் அது வழக்கமான ஓட்டம். 'டக்... டக்... டக்...' என்று ஒரே தாளத்தில் தட்டினால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். அப்படிக் கேட்டால் உடனே ஆஃப் செய்துவிட்டு, கீழே டிஸ்க்கை வெளியே எடுக்கும் பகுதிக்கு நேராகப் போங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று போடும் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

சத்தம் சரியாக இருந்தால், 'பிஎஸ்4 சரியாக ஆஃப் செய்யப்படவில்லை' என்ற செய்தி வரும். பிறகு ஸ்டோரேஜைச் சோதிக்கும் கோடு மெதுவாக நகரும். அதை நகர விடுங்கள். ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிந்தாலும் இடையில் ஆஃப் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு அந்தக் கோடு முக்கால்வாசியில் நின்று, இருபது நிமிடம் அசையவே இல்லை. பையனுக்குப் பொறுமை போய்விட்டது. அதன் பிறகு சட்டென்று முடிந்து ஹோம் ஸ்க்ரீன் வந்தது.

ஹோம் ஸ்க்ரீன் வந்துவிட்டதா? ஆட்டத்தைத் திறக்காதீர்கள்

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். ஹோம் ஸ்க்ரீனைப் பார்த்ததும் "சரியாகிவிட்டது" என்று ஆட ஆரம்பிக்கிறார்கள். டிஸ்க் உண்மையிலேயே போகிற நிலையில் இருந்தால், இந்த ஒரு தடவைதான் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு.

ஒரு பென் டிரைவை எடுங்கள். அது ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். செட்டிங்ஸில் 'அப்ளிகேஷன் சேவ்டு டேட்டா மேனேஜ்மென்ட்' போய், 'சேவ்டு டேட்டா இன் சிஸ்டம் ஸ்டோரேஜ்' எடுத்து, 'காப்பி டு யுஎஸ்பி ஸ்டோரேஜ் டிவைஸ்' கொடுங்கள். முக்கியமான ஆட்டங்களை முதலில், ஒவ்வொன்றாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்வு செய்தால், நடுவில் ஒன்று படிக்க முடியாமல் நின்றுவிட்டால் அதோடு மற்றதும் நின்றுவிடலாம். சேவ்கள் அளவில் சின்னவை, சாதாரண பென் டிரைவே போதும்.

பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் அதே பகுதியிலிருந்து ஆன்லைன் ஸ்டோரேஜுக்கும் ஏற்றிவிடுங்கள். டிராஃபிகளை (ஆட்டத்தில் வென்ற பதக்கங்கள்) இன்டர்நெட்டோடு சிங்க் செய்யுங்கள். கன்சோலின் முழு பேக்கப்பில் டிராஃபிகள் சேராது. சேவ்கள் உங்கள் பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கோடு பிணைந்தவை என்பதால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். புது டிஸ்க் போட்ட பிறகு பாஸ்வேர்டு தெரியாமல் முழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேவ்கள் கைக்கு வந்த பிறகு ஆட்டங்களைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு ஆட்டம் மட்டும் சிஇ-34878-0 என்ற எண்ணைக் காட்டி வெளியே தள்ளினால் அந்த ஆட்டத்தின் ஃபைல்கள் இருக்கும் இடத்தில் மட்டும் குழப்பம். அதை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால் சரியாக வாய்ப்பு அதிகம். எல்லா ஆட்டங்களும் லோட் ஆக வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்தால், மெனுவே உறைந்து உறைந்து நகர்ந்தால், அது ஒரு ஆட்டத்தின் சிக்கல் இல்லை.

சேஃப் மோட்: ஏழு வரிகளில் எதைத் தொடலாம்

சேஃப் மோட் என்பது கன்சோலின் பழுதுபார்க்கும் மெனு. அதற்குப் போக, கன்சோலை முழுதாக ஆஃப் செய்யுங்கள். ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அது ரெஸ்ட் மோட், ஆஃப் இல்லை. பிறகு பவர் பட்டனை அழுத்தியபடியே பிடியுங்கள். உடனே ஒரு பீப் கேட்கும், ஏழு விநாடி கழித்து இரண்டாவது பீப் கேட்கும், அப்போது விடுங்கள். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நடுவில் உள்ள பிஎஸ் பட்டனை அழுத்துங்கள். கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உண்டு, அவை இங்கே உதவாது.

திரையில் வரும் பட்டியலில் 1 ரீஸ்டார்ட், 2 ரெசல்யூஷன், 3 சாஃப்ட்வேர் அப்டேட், 4 கன்சோல் புதிதாக வந்தபோது இருந்த செட்டிங்ஸுக்குத் திரும்புவது. இவை சேவ்களைத் தொடாது. 5 'ரீபில்டு டேட்டாபேஸ்'. 6, 7 இரண்டும் டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும். 7 சிஸ்டம் சாஃப்ட்வேரையும் புதிதாகப் போடும்.

கரண்ட் வெட்டால் வந்த கணக்குக் குழப்பத்துக்குச் சரியான மருந்து 5 தான். டிஸ்க்கை முழுவதும் துழாவி, என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை அது புதிதாக எழுதும். ஆட்டங்களையும் சேவ்களையும் அழிப்பது அதன் வேலை இல்லை. ஆனால் அது டிஸ்க்கை நீண்ட நேரம் இடைவிடாமல் படிக்கும், சில சமயம் மணிக்கணக்கில். நல்ல டிஸ்க்குக்கு அது ஒன்றும் இல்லை. உடைந்துகொண்டிருக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடும். நான் இழந்தது இப்படித்தான்: ஹோம் ஸ்க்ரீன் வந்திருந்தது, சேவ் எடுக்காமல் நேராக 5-ஐ அழுத்தினேன், பாதி ராத்திரியில் தட்டும் சத்தம் ஆரம்பித்தது.

5 ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி கரண்ட் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவித்த நாளில் இதைத் தொடங்கவே வேண்டாம். இடி மின்னல் இருக்கும் ராத்திரியிலும் வேண்டாம்.

திரையில் சிஇ-34335-8 என்ற எண் வந்தால் கன்சோலுக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்று அர்த்தம். உடனே டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கழற்றி மாட்டியதிலேயே சரியானவையும் உண்டு.

டிஸ்க்கை வெளியே எடுத்தல்

பிளக்கைப் பிடுங்கி, எல்லா கேபிள்களையும் கழற்றிவிட்டு, மேஜையில் ஒரு துணி விரித்து வேலை செய்யுங்கள். முதல் மாடலில் மேல்மூடியின் இடது பாதியை வெளிப்பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஸ்லிம், புரோ இரண்டிலும் பின்பக்கம் சின்ன மூடி ஒன்று இருக்கும். உள்ளே முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் என நான்கு அடையாளங்கள் பொறித்த ஒரு பெரிய ஸ்க்ரூ தெரியும். அது ஒன்றைக் கழற்றினால் டிஸ்க்கைத் தாங்கும் சட்டம் கையோடு வரும். சட்டத்தில் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூக்கள் மென்மையான உலோகம். அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை வழுக்கிப் போகும். அளவு பார்த்து நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

தங்க நிறப் பின்களில் தூசி இருந்தால் உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, டிஸ்க்கைத் திரும்ப நேராக அழுத்தி மாட்டி ஒரு முறை ஆன் செய்து பாருங்கள் (தட்டும் சத்தம் வந்த டிஸ்க் என்றால் இது வேண்டாம்). வந்துவிட்டால் மேலே சொன்னபடி முதலில் சேவ்.

வரவில்லையா? யுஎஸ்பி-சாட்டா கேபிள் ஒன்றின் வழியாக டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். விண்டோஸ் உடனே "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். பிஎஸ்4 தன் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்துதான் எழுதும், அதைத் திறக்கும் சாவி அந்தக் கன்சோலுக்குள் இருக்கிறது. அதனால் கம்ப்யூட்டரில் சேவ் ஃபைல்களைப் பார்க்கவோ எடுக்கவோ முடியாது. ஆனால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும். அது எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும்; 64 என்றிருந்தால் உண்மையில் அது 100. மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேவையில்லாமல் பயப்படுவீர்கள், அல்லது தேவையான பயம் வராமல் போகும்.

முதலில் சி5 என்ற வரி. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் அதில் இருக்கும். கரண்ட் வெட்டுக்குப் பிறகு 8 அல்லது 16 என்று இருந்தால் அது பாதியில் நின்ற எழுத்தாகவே இருக்கலாம். எட்டின் மடங்காக வருவதற்குக் காரணம் உண்டு: தட்டில் ஒரு செக்டர் 4096 பைட், பல டிஸ்க்குகள் அதை 512 பைட்டாக எட்டுத் துண்டு போட்டு எண்ணுகின்றன. ஆக, 8 என்றால் தட்டில் ஒரே ஒரு இடம்.

அடுத்தது 05. கெட்டுப்போனது என்று டிஸ்க்கே ஒதுக்கிவிட்டு, மாற்று இடம் கொடுத்த செக்டர்களின் கணக்கு. சின்ன எண்ணாக இருந்து, வாரக் கணக்கில் மாறாமல் நின்றால் சமாளிக்கலாம். இன்று 10, நாளை 40 என்று ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். சி6 என்ற வரியில் எண் ஏறினாலும் அதே முடிவுதான். சி7 தனி: அது டிஸ்க்குக்கும் கனெக்டருக்கும் நடுவே தொடர்பில் வந்த கோளாறு, டிஸ்க்கின் குற்றம் இல்லை. சி0 என்பது கரண்ட் திடீரென்று போனதால் ஹெட்டை அவசரமாக இழுத்துக்கொண்ட தடவைகள். உங்கள் தெருவின் கரண்ட் சரித்திரத்தை அந்த எண்ணில் பார்க்கலாம்.

சேவ் இன்னும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால்

ஹோம் ஸ்க்ரீன் வரவே இல்லை, ஆனால் கம்ப்யூட்டருக்கு டிஸ்க் தெரிகிறது என்றால் ஒரு வழி மிச்சமிருக்கிறது. செக்டர் செக்டராக அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே நகல் எடுக்கலாம். சாவி கன்சோலில் இருப்பதால் நகலை அதே கன்சோலில் மாட்டும்போது அது படித்துக்கொள்ளும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கும். எங்கே விட்டோம் என்று ஒரு ஃபைலில் குறித்தும் வைத்துக்கொள்ளும், நடுவில் நிறுத்தித் தொடரலாம். நகல் டிஸ்க்கின் அளவு பழையதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. எது மூலம், எது நகல் என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க்கின் நகல் உங்கள் சேவ்களின் மேல் ஏறிவிடும்.

தட்டும் சத்தம் வரும் டிஸ்க்கில் இதை வீட்டில் முயல வேண்டாம். அது டேட்டா ரெகவரி செய்பவர்களின் வேலை, செலவும் அதிகம். அந்தச் சேவ் அவ்வளவு பெறுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

புது டிஸ்க் போடுதல்

2.5 அங்குலம், தடிமன் 9.5 மில்லிமீட்டருக்குள், குறைந்தது 160 ஜிபி. இவ்வளவுதான் நிபந்தனை. நான் எஸ்எஸ்டிதான் (சிப்பில் எழுதும் டிஸ்க்) போடச் சொல்வேன். ஆட்டம் திறக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும், சுற்றும் பாகம் எதுவும் இல்லை. ஆனால் எழுதும்போது கரண்ட் போனால் எஸ்எஸ்டியிலும் ஃபைல் கெடும், அதில் விலக்கு இல்லை.

சேவ்கள் இருக்கும் பென் டிரைவை விட்டுவிட்டு, வேறொரு பென் டிரைவை ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து, 'பிஎஸ்4' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டர், அதற்குள் 'அப்டேட்' என்று இன்னொரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிளேஸ்டேஷனின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இரண்டு ஃபைல்கள் இருக்கும். சாதாரண அப்டேட்டை எடுக்காமல், 'ரீஇன்ஸ்டால்' என்று குறிப்பிட்ட பெரிய ஃபைலை எடுங்கள். அது ஒரு ஜிபியை ஒட்டி இருக்கும். பெயர் 'பிஎஸ்4அப்டேட்' என்று, நீட்சி 'பியுபி' என்று, எல்லாம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு முறை டவுன்லோட் செய்தவர்களுக்குப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்ந்திருக்கும். கன்சோல் அதை ஏற்காது, பெயரை மாற்றிவிடுங்கள். பிறகு சேஃப் மோடில் 7. இதில் அழிவதற்கு ஒன்றும் இல்லை, தைரியமாக அழுத்தலாம்.

வேலை முடிந்ததும் பழைய அதே பிஎஸ்என் கணக்கில் உள்ளே போய், சேவ்களை வைத்த பென் டிரைவிலிருந்து அவற்றைத் திரும்ப ஏற்றுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே தூக்கிப்போட வேண்டாம். சேவ்கள் பத்திரமாக வந்துவிட்டன என்று உறுதியான பிறகு, கம்ப்யூட்டரில் அதை 'குவிக்' இல்லாமல் முழு ஃபார்மட் செய்யுங்கள். 500 ஜிபி டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். எல்லா செக்டர்களிலும் புதிதாக எழுதிய பிறகு சி5 பூஜ்யத்துக்கு இறங்கி, 05 ஏறாமல் இருந்தால் டிஸ்க் உடையவில்லை, கரண்ட் வெட்டால் வந்த குழப்பம் மட்டும்தான். அக்கா மகனின் டிஸ்க்கில் சி5 24-லிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. அதை யுஎஸ்பி கவரில் போட்டு, முக்கியம் இல்லாத படங்கள் வைக்கப் பயன்படுத்துகிறான்.

மறுபடி நடக்காமல் இருக்க

ரெஸ்ட் மோடை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு விளக்கு எரியும்போது மெஷின் தூங்குகிறது என்று நினைக்கிறோம்; பின்னணியில் டவுன்லோட் ஓடினால் டிஸ்க் எழுதிக்கொண்டுதான் இருக்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் ஆடி முடித்ததும் முழுதாக ஆஃப் செய்வதே சரி.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், டிவி சாக்கெட் அதில் சேர்ந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் சேர்ந்திருக்கும். இன்வெர்ட்டரின் பின்னால் 'யுபிஎஸ்' என்று ஒரு நிலை இருந்தால் அதில் வையுங்கள். கரண்ட் மாறும் இடைவெளி குறையும். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் போதும். அதில் தொடர்ந்து ஆட முடியாது. பீப் சத்தம் கேட்டதும் சேவ் செய்து ஒழுங்காக ஆஃப் செய்ய அவகாசம் கிடைக்கும், தேவை அவ்வளவுதான். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் பலம் இழக்கும். மெயின் சுவிட்சை அணைத்து மாதம் ஒரு முறை சோதித்துப் பாருங்கள், ஆனால் அந்த நேரத்தில் கன்சோலுக்குப் பதிலாக ஒரு டேபிள் ஃபேனை மாட்டி வையுங்கள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேவ்களைப் பென் டிரைவில் எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஐந்து நிமிட வேலை. அந்தப் பென் டிரைவ் டிவி ஸ்டாண்டின் டிராயரில், புது ஸ்க்ரூடிரைவர் பக்கத்திலேயே இருக்கிறது.